மூலே இத்ரீஸ் வண்டிக்கு ஆறாவது ஆள்

ஏம்மா, தமிழா நீங்க? இப்பப் போன்ல, 'சாப்ட்டேன்மா, நல்லாத்தான் சாப்ட்டேன்'னு ஒரு பொய் சொன்னீங்களே, அதக் கேட்டுட்டுத்தான் ஓடியாறேன். பொய்தானே? கையில ரொட்டி அப்படியே இருக்கே.

எறங்காதீங்க, எறங்காதீங்க. எடம் போயிரும். நான் இப்படிக் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னே பேசுதேன். வண்டி இப்பக் கெளம்பாது. உங்களோட சேத்து அஞ்சு பேருதான் ஆச்சு. ஆறாவது ஆள் வந்தாத்தான் எடுப்பான். எத்தனை மணிக்கு வண்டின்னு கேட்டுப் பாருங்களேன், பதிலே வராது. இந்த ஊர்ல வண்டிக்கு மணி கிடையாதும்மா. ஆளுதான் மணி. முன்னால டிரைவர் பக்கத்துல ரெண்டு பேரு, பின்னால நாலு பேரு. அஞ்சு பேரு போற காருல டிரைவரோட ஏழு பேரு! எங்க ஊர்ல இப்படி ஒருத்தன் ஏத்திட்டுப் போனா...

என்னது? ஷேர் ஆட்டோவா? அது வேற கதைம்மா. அது தனியார். அத விடுங்க.

என் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கம். அரசு பஸ்ஸுல டைம் கீப்பரா முப்பத்தொரு வருஷம். ரெண்டு நாப்பது வண்டின்னா ரெண்டு நாப்பதுக்குச் சக்கரம் உருளணும். டிரைவர் டீயைக் கையில வச்சுக்கிட்டு நின்னாலும் சரி, எவனாவது மாமியாரைக் காணோம்னு அழுதாலும் சரி, விசில் அடிச்சிருவேன். 'கோமதிநாயகம் கல்லுல செஞ்ச மனுசன்'னு கண்டக்டர்மாரு சொல்லுவாங்க. பெருமையாத்தான் சொல்லுவாங்க.

நீங்க எந்த ஊரு? ஈரோடா. தனியாவா வந்திருக்கீங்க? வீட்டுக்காரர் வரலையா? ஓ, கட்டிக்கிடலையா. சரி சரி, கேட்டது தப்பு. ஆனாலும் சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க, பொம்பள தனியா இப்படி ஊரு விட்டு ஊரு சுத்தப்படாது. சுத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி கதையே அதான்.

வர்ற செவ்வாக்கிழமை எனக்குப் பிளைட்டு. எனக்குன்னுதான் சொல்லுதேன், எங்களுக்குன்னு சொல்ல வாய் வரல. டிக்கெட்டு என்னமோ ரெண்டுதான் போட்டது. அவ வரலைங்கா. நீங்க போங்க, நான் மெதுவா வாரேங்கா. அறுபது வயசாகுதும்மா அவளுக்கு! செண்பகவடிவுன்னு பேரு. கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம், நான் ஏறுன்னா ஏறுவா, எறங்குன்னா எறங்குவா. அப்படி இருந்தவ.

கேளுங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். வண்டிதான் நிக்கே.

எங்க மாப்பிள்ளைக்கு இந்த மெக்னெஸ் ஊர்லதான் வேலை. காருக்கு ஒயர் கட்டுத கம்பெனி. ரெண்டு வருஷமா மக கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, வந்து மூணு மாசம் இருந்துட்டுப் போங்கன்னு. வந்தோம். வந்ததும் நான் என்ன பண்ணேன்னா, ஒரு நோட்டு வாங்கி, பக்கத்து ஊரெல்லாம் எப்படிப் போகணும், எத்தனை மணிக்கு எறங்கணும், எத்தனை நிமிஷம் பாக்கணும், எல்லாத்தையும் கட்டம் போட்டு எழுதிட்டேன். மூணு ஊரு. ஒவ்வொண்ணும் ஒரு நாள். போன அன்னைக்கே திரும்பிரணும்.

மொதல்ல பேஸ். ரயில்ல முக்கால் மணி நேரம். ரயிலு பரவாயில்ல, ரயிலைக் குத்தம் சொல்ல மாட்டேன். பழைய ஊருக்குள்ள போனா சந்துன்னா சந்து, அப்படியொரு சந்து. ஒரு கழுதை வந்தா நம்ம செவத்தோட செவரா ஒட்டிக்கிடணும். தோலு ஊறப்போடுத எடம்னு ஒண்ணு, மாடியில நின்னு பாக்கணும். கீழ தொட்டி தொட்டியா கலர் தண்ணி. நாத்தம் கொடலைப் புடுங்குது. அதுக்குன்னு வாசல்லயே ஒருத்தன் புதினாத் தழை குடுக்கான், மூக்குல வச்சுக்கிட. நான் இருபது நிமிஷம் எழுதியிருந்தேன். பதினாறு நிமிஷத்துல முடிச்சுக் கூட்டியாந்துட்டேன். நாலு நிமிஷம் மிச்சம்! வடிவு கேக்கா, 'மிச்சம் புடிச்ச நாலு நிமிஷத்த என்ன செய்யப் போறீங்க'ன்னு. கூறுகெட்ட கேள்வி.

அப்புறம் ரபாத்து. இந்த நாட்டுக்குத் தலைநகரம். நடுவுல ஒரு ஆறு, அந்தக் கரையில சாலேன்னு இன்னொரு ஊரு. நம்ம திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பாலத்து மேல டிராம் ஓடுது. நல்ல டிராமு, போர்டுல நிமிஷக் கணக்குப் போட்டு வருது, பாக்கவே கண்ணு குளுந்துச்சு. இவளுக்கு என்ன தோணுச்சோ, கரையில துடுப்புப் படகு நிக்கு, அதுல போவோம்னா. எப்ப எடுப்பான்னு கேட்டா, ஆளு சேந்ததும். அதெப்படி? ஆளு சேரலைன்னா? நான் டிராம்ல ஏத்திட்டேன். வழி பூரா சன்னல்ல தலையை ஒட்டி அந்தப் படகையே பாத்துக்கிட்டு வந்தா. ஒரு வார்த்தை பேசல. அவ எப்பவுமே பேச்சுக் கம்மி, நல்ல பொம்பள.

மூணாவது ஊருதான் இந்த மூலே இத்ரீஸ். பக்கத்துலயே வாலுபிலிஸ்னு ரோமாபுரிக்காரன் கட்டுன பழைய பட்டணம், இடிஞ்சு கெடக்கு. நீங்களும் அங்கதானே போறீங்க? ஆமா, எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க. ரெண்டையும் சேத்து நான் மூணு மணி நேரம் போட்டிருந்தேன். இதே ஸ்டாண்டு. இதே மாதிரி ஒரு பழைய பென்ஸ் காரு. நாங்க போகையில உள்ள ஆளே இல்ல. வடிவைப் பின்னால சன்னலோரமா ஏத்தி உக்கார வச்சேன். பக்கத்து சீட்டுல என் துண்டைப் போட்டேன். போட்டுட்டு, எத்தனை மணிக்கு எடுப்பான்னு விசாரிக்கப் போனேன்.

இதுல என்னம்மா தப்பு? துண்டு போட்டா அது என் எடம். நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஓடுத பஸ்ஸு சன்னல்ல துண்டை வீசிட்டு, பின்னால நிதானமா ஏறி வந்து உக்காருவான், ஒருத்தன் தொடுவானா? துண்டை எடுத்தா அடிதடி ஆயிரும்!

இங்க ஆள் கூப்பிடுதவன் ஒருத்தன் நிப்பான், அந்தா, தொப்பி போட்டவன். அவன்கிட்ட என் வாட்சைக் காட்டிக் கேட்டேன். ஆறு விரலைக் காட்டுனான். ஆறு நிமிஷமாக்கும்னு நினைச்சேன். ஆறு ஆளாம். டைம் ஆபீஸ் எங்கன்னு கேட்டேன், முழிக்கான். அப்படி ஒரு ஆபீஸே இல்லையாம்மா! சரி, கணக்குக்கு மேல ஆளை ஏத்துதானே, இவன் மேல யாருகிட்டயாவது எழுதிக் குடுக்கணும்னு, அங்க நின்ன வண்டி நம்பரை எல்லாம் நோட்டுல வரிசையா எழுதிக்கிட்டு இருந்தேன். ஒம்பதாவது வண்டி எழுதிட்டுத் திரும்பிப் பாத்தா, எங்க வண்டியைக் காணோம்.

ஓடுனேன். சாவிக் கொத்துல பழைய விசில் ஒண்ணு கெடக்கு, அத ஊதிக்கிட்டே ஓடுனேன். வண்டி அந்த முக்குல திரும்புதது தெரியுது. பின் கண்ணாடியில அவ கொண்டை தெரியுது. நின்னாத்தானே! எம்புட்டு விசில் அடிச்சிருப்பேன் என் வாழ்க்கையில, வண்டியைக் கெளப்பத்தான் அடிச்சிருக்கேன். நிறுத்துததுக்கு அடிச்சது அன்னைக்குத்தான். போலீஸ்காரன் வந்து என் கையிலயிருந்து விசிலை வாங்கிட்டுப் போயிட்டான்.

என்ன நடந்திருக்குன்னா, ஒரு பொம்பள வந்திருக்கா. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். ஜொஹ்ரான்னு பேரு. சீட்டுல துண்டு கெடக்கா, அத எடுத்து, பாவம் யாரோ மறந்துட்டாங்கன்னு நாலா மடிச்சு, வடிவு மடியில வச்சுட்டு, உக்காந்துட்டா. ஆறு ஆளும் ஆச்சு. டிரைவர் எடுத்துட்டான்.

நான் பதறிப் போயிட்டேம்மா. அவளுக்குப் பாஷை தெரியாது, கையில போன் கிடையாது, அவ போனு எப்பவும் என் பையிலதான் இருக்கும். முப்பத்தேழு வருஷத்துல அவ தனியா ஏறுன மொத வண்டி அதான். மகளுக்குப் போன் போட்டா, 'அம்மா எங்க போயிருவா, மலை மேல ஒரே ஊரு, சாயங்காலம் வந்துருவா'ங்கா. பொறுப்பே இல்ல. அடுத்த வண்டியில போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போயிருப்பேன். ஆனா அவ அதுக்குள்ள இந்தப் பக்கமா திரும்பி வந்துட்டா? ஒரு ஆளு ஸ்டாண்டுல நிக்கணும்ல? விதிமுறை அதான். சாயங்காலம் வரைக்கும் இதே எடத்துல நின்னேன்.

ஏழு மணிக்கு ஒரு வண்டி வருது. அதுல இருந்து எறங்குதா. காலு பூரா செம்புழுதி. கையில ஒரு பொட்டலம் நெறைய ஆலிவ் காய். சிரிக்கா. எங்க கல்யாணப் போட்டோவுலகூட அவ அப்படிச் சிரிக்கல. நான் கேட்டேன், 'ஏட்டி, நான் ஏறலைன்னு தெரியுதுல்ல, நிறுத்தச் சொல்லப்படாதா?' அவ சொல்லுதா, 'சொல்லியிருக்கலாம். தோணல.' பயம்மா. பயத்துல புத்தி வேலை செய்யாம போயிரும்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. இங்க வெள்ளிக்கிழமைன்னா வீட்டுக்கு வீடு கூஸ்கூஸ்னு ஒண்ணு பண்ணுவாங்க, நம்ம ரவை உப்புமா மாதிரி, மேல காயும் கறியுமா அடுக்கி. பெரிய தாம்பாளத்துல கொட்டி எல்லாரும் சுத்தி உக்காந்து திம்பாங்க. அந்த ஜொஹ்ரா இவளைக் கையைப் புடிச்சு, படி படியா ஏறி, தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. மகமாரு, மருமகமாரு, ஒரு கூட்டமே இருந்திருக்கு. இவளுக்குன்னு கறியை ஒதுக்கி, பூசணிக்காயா எடுத்து முன்னால வச்சாங்களாம். சாப்ட்டுட்டு ரெண்டு பேருமா நடந்தே வாலுபிலிஸுக்குப் போயிருக்காங்க. நாலு கிலோமீட்டர்! அந்தப் பட்டணத்தைப் பாக்க நான் முப்பத்தஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். இவளுக மூணு மணி நேரம் இருந்திருக்காளுக. 'அப்படி என்னத்தப் பாத்த'ன்னு கேட்டேன். தூணு மேல நாரை கூடு கட்டியிருக்காம். தரையில கல்லு கல்லாப் பதிச்சு மீனு படம் போட்டிருக்காம். 'அதுக்கு மூணு மணி நேரமா?' 'இல்ல, சும்மா உக்காந்திருந்தோம்'ங்கா.

இவளுக்கு அரபி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டும் என்னத்தத்தான் பேசும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. என்கிட்ட தமிழ்லயே பேச மாட்டா.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில குளிச்சுச் சேலை மாத்திக்கிட்டு நிக்கா. எங்கன்னேன். ஜொஹ்ரா வீட்டுக்குன்னா. என்னைக் கேக்கல, சொல்லுதா. அன்னைக்குப் பருப்புப் பொடி கொண்டு போனா. அதுக்கடுத்த வாரம் முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போனா. இந்த டிரைவர்மாரெல்லாம் இப்ப அவளுக்கு சலாம் வைக்காங்க. 'ஹாஜா, ஹாஜா'ன்னு கூப்பிடுதாங்க. மெக்காவுக்குப் போயிட்டு வந்த பெரியம்மான்னு மரியாதையாம். அவ மெக்காவுக்கா போனா? காசிக்கே போனதில்ல. நான் கூட்டிட்டுப் போகல.

நானும் வெள்ளிக்கிழமை தோறும் இங்க வந்து நிக்கேன். போகையில வண்டி நம்பரைக் குறிச்சுக்கிடுவேன், வாரையில சரி பாத்துக்கிடுவேன். ஒரு மேற்பார்வை வேணும்ல? அவளுக்கும் அது ஒரு தைரியம். இதுவரை சொன்னதில்ல, இருந்தாலும் எனக்குத் தெரியும்.

நீங்க என்ன சிரிக்கீங்க?

சரி, நேத்து சாயங்காலம் நடந்ததைச் சொல்லுதேன், அப்புறம் சிரிங்க. பெட்டியை எடுத்து வைன்னேன். அப்பத்தான் சொல்லுதா. மாப்பிள்ளை அவளுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கதுக்குக் காகிதம் எல்லாம் வாங்கிட்டாராம். எனக்குத் தெரியாம! நான் சத்தம் போட்டேன். வடிவு சத்தமே போடல. பையச் சொல்லுதா. 'ஜொஹ்ரா வாராவாரம் உங்களைக் கேக்கா. மீசையை முறுக்குத மாதிரி கையைக் காட்டி, அவரு எங்கங்கா. நான் என்னன்னு சொல்ல? ஸ்டாண்டுல நிக்காருன்னு சொல்லவா? நாளைக்கு நான் முன்னால போறேன். நீங்க பொறத்தால வாங்க. நீங்களா ஏறி, எனக்குப் புடிச்ச எடத்துக்கு ஒரே ஒரு நாள் வாங்க. வந்தா செவ்வாக்கிழமை நானும் கெளம்புதேன். வரலைன்னா, நீங்க பிளைட்டுல போங்க. நான் மூணு மாசம் கழிச்சு வாரேன். வாரேனா இல்லையான்னு அப்ப பாத்துக்கிடலாம்.'

வாரேனா இல்லையான்னு! கேட்டீங்களா? இந்த வார்த்தையை எங்க படிச்சா?

காலையில எட்டு மணிக்கு அவ போயிட்டா. நான் ஒம்பதரைக்கு வந்தேன். நாலு வண்டி போயிருச்சு. ஒவ்வொரு தடவையும் அஞ்சு பேரு ஆனதும் அந்தத் தொப்பிக்காரன் என்னைப் பாத்து, வா வான்னு கூப்பிட்டான். நான் ஏறல. எப்படிம்மா ஏறுவேன்? ஓவர்லோடு. முப்பத்தொரு வருஷம் எவனையும் படியில நிக்க விட்டதில்ல. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல மனுசனுக்கு.

ஆமா, அவ எந்தக் கொள்கையையும் கேக்கல. சும்மா வாங்கன்னுதான் கேட்டா. அது சரிதான்.

இப்ப மணி என்ன? ஒண்ணே காலா? தொழுகை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அதான் ஆளு வரல. இந்த வண்டி போச்சுன்னா அப்புறம் டிரைவர்மாரும் சாப்பிடப் போயிருவாங்க. மூணு மணி வரைக்கும் ஒண்ணும் ஓடாது. அங்க இப்பத் தாம்பாளத்தை எறக்கி வச்சிருப்பாங்க. வாசப்பக்கமா உக்காந்திருப்பா. இல்ல, உக்காந்திருக்க மாட்டா. யாருக்குத் தெரியும்? அவ எங்க உக்காருவான்னு நான் எங்க பாத்தேன்.

என்னம்மா, பையைத் திறக்கீங்க? டிரைவர்கிட்ட என்ன கேக்கீங்க? காலி சீட்டுக்கும் நீங்களே காசு குடுத்துருதீங்களா? அப்படிக் குடுத்தா இவன் இப்பவே எடுத்துருவானே! அந்தா, சாவியைத் திருகுதான் பாருங்க. வேண்டாம்மா. அநியாயம், எதுக்கு ரெண்டு சீட்டுக்குக் குடுக்கணும்? இருங்க. கதவைச் சாத்தாதீங்க. ஏய், நிறுத்துப்பா! நில்லு! இருங்கம்மா, ஒரு நிமிஷம் இருங்க.

எனக்குப் பயமா இருக்கும்மா. அதான் விஷயம். அஞ்சு வாரமா வாயில வேற என்னென்னமோ வருது, இது வரல. அவ இல்லாத வீட்டுப் பூட்டை நானே திறந்து உள்ள போகணும், அதான் பயம். கல்லுல செஞ்சவனாம், மண்ணாங்கட்டி.

முன்னாலயா எடம்? எங்க, இந்தக் குண்டன் பக்கத்துலயா? கொஞ்சம் தள்ளுங்க ஐயா. இன்னும் கொஞ்சம். எனக்குப் பாதி உடம்பு டிரைவர் மேலதான் இருக்கு. சட்டப்படி இது... சரி, விடுங்க. உங்களுக்காகத்தான் ஏறுனேன்னு வச்சுக்கிடுங்க. இல்ல, அப்படி வச்சுக்கிட வேண்டாம்.

போகட்டும்ப்பா, போ. நான் ரெடி.

ஏம்மா. திரும்ப முடியல, இப்படியே பேசுதேன், காதுல விழுதா? இம்புட்டு நேரம் வாய் ஓயாம பேசிட்டேன். இன்னும் அரை மணி நேரத்துல அவ முன்னால போய் நிக்கணும். நீங்க பொம்பள, உங்களுக்குத் தெரியும். அவகிட்ட மொத வார்த்தை என்ன சொல்லணும்?